காடாக் கோட்டின் உள்பை

தையல்கடையில் தொங்கிய காடாக் கோட்டின் உள்பைக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டதும் விரலில் தட்டுப்பட்ட கண்ணாடிச் சீசாவை வெளியே எடுத்து, அதில் சுற்றியிருந்த சீட்டைப் படித்து, "அமலி, இது உனக்கு" என்று கித்தேரி வரிசையில் மூன்றாவதாக நின்றவளிடம் நீட்டினாள். அடுத்து ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது, அதற்கடுத்து விசைப்படகு எஞ்சினுக்கான வாஷர், அதற்கடுத்து அடியில் கசங்கிக் கிடந்த மூன்று கடிதங்கள், எல்லாமே வெயிலில் வைத்து எடுத்ததுபோல இளஞ்சூடாக இருந்தன, ஏனென்றால் கொஞ்சம் முன்புவரை அவை மஸ்கட்டில் இருந்தவை.

"எனக்கு ஒண்ணும் வரலையாக்கா?" என்றாள் வரிசையின் கடைசியில் நின்றவள்.

"வந்தா தருவேன்லா. நான் என்ன முழுங்கவா போறேன்?"

"இசிதோர் அண்ணன் கோட்டைக் களட்டவே மாட்டாவளோ? அந்த வெக்கையில வெந்துருவாவளே."

"ஏட்டி, கோட்டு ஆணியில தொங்கும். போட்டுக்கிட்டா திரிவாவ?"

"ஆணியில தொங்குனாலும் அந்த ஊர்ல வேர்க்கும்லா."

வரிசை சிரித்தது. கித்தேரியும் சிரித்தாள். அந்தப் பெயரைத் தன் முன்னால் யாராவது சொல்லும்போதெல்லாம் சிரிப்பது அவளுக்கு இரண்டு வருடமாகப் பழகியிருந்தது.

சங்குமணலில் ஆண்களுக்குக் கோட்டு தைக்கிறவள் அவள் ஒருத்திதான். கல்யாண மாப்பிள்ளை கோட்டு போடாமல் பீடத்தின் முன்னால் நிற்கிற வழக்கம் அந்தக் கரையில் இல்லையாதலால், அந்தக் கோயில் பங்கிலிருந்த ஆண்களில் பாதிப்பேரின் தோளும் மார்பும் எத்தனை அங்குலம் என்பது அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். இசிதோருக்கும் தனக்கும் என்று பேச்சு முடிந்த அன்றே அவள் அவனுடைய கோட்டைத் தொடங்கினாள், மற்றவர்களுக்குச் செய்யாததையெல்லாம் அதில் செய்தாள். காலரின் அடிப்பக்கத்தில், தூக்கிப் பார்த்தாலொழிய யாருக்கும் தெரியாத இடத்தில், கருஞ்சிவப்புக் கம்பளித் துணி வைத்தாள். நெஞ்சு மடிப்பின் பின்னால் பூக்காம்பு நழுவாமலிருக்க ஒரு நூல்வளையம் பின்னினாள். மற்றக் கோட்டுகளில் சும்மா அழகுக்குத் தைக்கிற கைப்பித்தான்களை இதில் உண்மையாகவே திறந்து மூடும்படி, கைக்கு நான்கு துளை வெட்டி, துளையின் ஓரத்தைப் பட்டுநூலால் கட்டினாள். வலப்பக்கப் பைக்குமேலே ஒரு செபமாலை மட்டும் கொள்ளுகிற குட்டிப்பை வைத்தாள். இடப்பக்கம் உள்ளே, நெஞ்சுக்கு நேராக, ஓர் உள்பை. உள்பையின் வாயை யாருடைய கோட்டோ அவருடைய கையை அளந்துதான் வெட்டவேண்டும். அந்த ஒரு பையின் வாயை மட்டும் அவள் தன் கையை அளந்து வெட்டினாள், நாலரை அங்குலம், ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, வெட்கப்பட்டிருப்பாள்.

எந்தக் கோட்டையும் அவள் முதலில் வெளுக்காத மலிவுக் காடாத்துணியில் தைத்துப் பார்ப்பாள். காடாக் கோட்டுக்கு உள்துணி கிடையாது, பை கிடையாது, ஆளுக்குப் போட்டுப் பார்த்துக் குறி வைத்த பிறகு பிரித்துப் போட்டுவிடலாம். இசிதோரின் காடாக் கோட்டில் மட்டும், உள்பை எப்படி விழுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, அதிலும் ஒரு பை வைத்தாள். பைத்துணியை அவள் ஒருமுறைதான் வெட்டினாள். அது அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. தைத்து முடித்தபோது இரண்டு கோட்டிலும் பை இருந்தது.

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கவேண்டும்; மூன்றாம் ஓலைக்குப் பிறகுதான் மாப்பிள்ளைக் கோட்டின் கடைசிப் பித்தானைத் தைப்பது அந்த ஊர் வழக்கம். முதல் ஓலை வாசித்து நான்காம் நாள், வியாழக்கிழமை, இசிதோருக்கு மஸ்கட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலைக்கு விசா வந்துவிட்டது. ஆறே மாதம், வந்ததும் மற்ற இரண்டு ஓலையையும் வாசித்துவிடலாம் என்று சொல்லி, கோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனான். கடைசிப் பித்தான் இல்லாமலே கொடுத்தனுப்பினாள். காடாக் கோட்டைப் பிரிக்க மனம் வராமல் கடையில் மரத்தாங்கியில் மாட்டி வைத்தாள்.

மூன்றாம் வாரம், தூசி தட்டும்போது காடாக் கோட்டின் பைக்குள் ஏதோ சரசரத்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு புதினா மிட்டாயும், நான்காக மடித்த காகிதமும். காகிதத்தில் இசிதோர், இங்கே தங்குமிடத்தில் கோட்டைப் போட்டுப் பார்த்தேன், எல்லோரும் துரைபோல இருக்கிறாய் என்றார்கள், இதை உனக்கு எழுதிப் பையில் வைக்கிறேன், எப்படி அனுப்புவது என்று நாளைக்குப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தான்.

ஊர் இதை ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டு நாள் கடைவாசலில் மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள், பங்குச்சாமி வந்து அணைக்கச் சொன்னார், பிறகு அவரே ஒரு செபமாலையை உள்ளே போட்டு, மஸ்கட்டிலிருந்த தம்பிமகனிடமிருந்து கிடைத்தது என்று பதில் வந்ததும் தடை சொல்வதை விட்டுவிட்டார். தபால்காரர் சவரிராயன் நான்கு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்து, ஐந்தாம் நாள் மகளுக்குக் கொடுத்தனுப்ப ஒரு பொட்டலத்தோடு தானும் வரிசையில் வந்து நின்றார். மஸ்கட்டில் ஆள் உள்ள வீடுகள் அந்த ஊரில் பன்னிரண்டு. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் புதனும் சனியும் வந்தார்கள், தங்கள் பெயரைச் சொல்லி மற்றவர்களுக்கும் வாங்கினார்கள், முறுக்கு விற்கிறவள் கடைக்கு எதிரே இடம் பிடித்தாள். கருவாடு போடக்கூடாது என்று பங்குப்பேரவையில் தீர்மானம் போட்டார்கள், ஏனென்றால் ஒரு தடவை யாரோ நெத்திலிக் கருவாடு போட்டு அது மஸ்கட்டுக்குப் போய்ச்சேர்ந்த பிறகும் நாற்றம் மட்டும் ஒரு வாரம் இந்தப் பக்கமே இருந்தது. உயிருள்ளதைப் போடக்கூடாது. தங்கம் வரக்கூடாது. நாலரை அங்குலத்துக்குள் அடங்குவதைத்தான் போடவேண்டும். அமலியின் மகள் ஜெசிந்தாவுக்கு வருகிற வலிப்புக்கு இங்கே கிடைக்காத மாத்திரை அங்கேயிருந்து வந்தது, பிள்ளை பதினான்கு மாதமாகக் கீழே விழவில்லை, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில்கூட ஓடினாள்.

ஆறு மாதம் பத்து மாதமாகியது. பத்தாம் மாதம் இசிதோரின் கடிதம் ஒன்று வந்தது. நீ வாரம்தோறும் எழுதுகிற கடிதத்தை இந்த அறையிலிருப்பவர்கள் எடுத்துப் படித்துக் கேலி செய்கிறார்கள், இனிமேல் எழுதாதே, நானும் எழுதவில்லை, பையை ஊருக்கு விட்டுவிடு, வந்ததும் நேரில் பேசிக்கொள்ளலாம். அவள் எழுதுவதை நிறுத்தினாள். அதன் பிறகு பொருள்களோடு வந்த சீட்டுகளில் இருந்தது வேறொருவருடைய, உருண்டை உருண்டையான கையெழுத்து. கூட இருக்கிற யாரையோ எழுதச் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள். இன்னாருக்கு என்று ஒவ்வொரு சீட்டையும் அவளே படித்து அவளே கொடுத்தாள், ஒட்டிய கவர்களை ஒட்டியபடியே கொடுத்தாள்.

பங்குப்பேரவைத் தலைவர் மிராந்தாவின் மகன் ரூபுசுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவன் அளவு கொடுக்க வந்தான். தோள், நெஞ்சு, கைநீளம் எல்லாம் எடுத்த பிறகு அவள் சொன்னாள்:

"தம்பி, வலது கையை விரிங்க."

"கை எதுக்குக்கா? கோட்டுதானே, கையுறையா தைக்கப் போறீய?"

"உள்பைக்கு."

அகலம் பார்த்தாள், பெருவிரல் முட்டியைச் சேர்த்துச் சுற்றளவு பார்த்தாள், ஐந்தே முக்கால் அங்குலம் வாய் வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதினாள். அவன் அதற்குள் விளையாட்டாகக் காடாக் கோட்டின் பக்கம் போய், மஸ்கட்டைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று பைக்குள் கையை விட்டான். முட்டியோடு கை நின்றுவிட்டது. இன்னும் தள்ளினான், போகவில்லை.

"என்னக்கா இது, பொம்பளைக் கைக்குல்லா தைச்சிருக்கிய?"

கித்தேரி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இசிதோரின் கை ரூபுசின் கையைவிடப் பெரிது, வடம் இழுத்துக் காய்த்த கை, மோதிரத்துக்கு அளவெடுத்தபோது தட்டான் சிரித்திருக்கிறான். அந்தக் கையின் இரண்டு விரல் அந்தப் பைக்குள் போகும். இரண்டு விரலால் ஒரு கடிதத்தைச் செருகலாம், ஒரு மிட்டாயைப் போடலாம். மாத்திரைச் சீசாவைச் செய்தித்தாளில் சுற்றி, உடையாமல், அடிவரை கொண்டுபோய்ப் படுக்கவைக்க முடியாது. ஒரு வருடத்துக்கு மேலாக யாரோ படுக்கவைத்திருக்கிறார்கள்.

"மிச்ச அளவை நாளைக்கு எடுக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பைக்கூட எடுக்காமல் அவள் அமலியின் வீட்டுக்கு நடந்தாள்.

அமலி முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். அவளும் கித்தேரியும் சிறுவயதில் ஒரே நாளில் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்கள்.

"அமலி, மஸ்கட்டுல பைக்குள்ள சாமான் வைக்கது யாரு?"

அமலி கத்தியை நிறுத்தவில்லை. "இசிதோர் அண்ணன்தான். வேற யாரு?"

"அவிய கை அதுக்குள்ள போவாது."

கத்தி நின்றது. அமலி தலையைத் தூக்காமல் கையைக் கழுவினாள், சேலையில் துடைத்தாள், உள்ளே போய்ச் செபப்புத்தகத்தை எடுத்துவந்து, நடுப்பக்கத்தில் இருந்த ஒரு படத்தைக் கித்தேரியிடம் கொடுத்தாள். பீடத்தின் முன்னால் இசிதோர் நின்றான். பக்கத்தில் ஒரு பெண், சிரிக்கத் தெரிந்த முகம், சின்னக் கை. கித்தேரி அவள் முகத்தை அதிகம் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தாள். ரோசாப்பூ சாயாமல் நின்றது, காம்பு நூல்வளையத்துக்குள் இருக்கவேண்டும். இடுப்பில் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுத்திருந்தார்கள், ஆள் சதை போட்டிருந்தான். கடைசிப் பித்தான் இருந்தது. மற்ற இரண்டையும் அவள் நேர்க்கோடாக இரட்டைத் தையல் போட்டிருந்தாள், இது குறுக்காகப் பெருக்கல் குறிபோலத் தைக்கப்பட்டிருந்தது.

"எப்ப வந்துது இது?"

"போன வருசம் ஆவணியில."

"யாரு கொண்டுவந்தா?"

"நீதான் கித்தேரி. கவர்ல இருந்துது. பன்னெண்டு வீட்டுக்கும் நீதான் குடுத்த."

ஒரு காகம் செதிலுக்காக வந்து உட்கார்ந்தது. இருவரும் அதை விரட்டவில்லை.

"இங்க முத ஓலை வாசிச்சாச்சே. வேற ஊர்ல எப்பிடிக் கட்டி வைப்பாவ?"

"இந்தக் கோயில்ல இருந்துதான் தடையில்லைன்னு காயிதம் போச்சு."

"எப்பிடிப் போச்சு?"

அமலி அவளுடைய வலது கையைப் பார்த்தாள். நீளமான வெள்ளைக் கவரை, சாமிக்கு எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளை ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து, சாமி தரச்சொன்னாவ என்று நீட்டியதும், அது பை வாயில் முட்டியதால் தான் அதை இரண்டாக மடித்து உள்ளே வைத்ததும் கித்தேரிக்கு ஞாபகம் வந்தது.

"நீயாவது சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நீ பையைத் தைச்சு மூடிருவ."

"தைச்சிருப்பேன்."

"அதாம் சொல்லல" என்றாள் அமலி. பிறகு, "எம் பிள்ளை விழுந்து எந்திரிக்கதைப் பாத்தவ நீ" என்றாள். அழவில்லை. மன்னிப்புக் கேட்கவுமில்லை.

கடைக்குத் திரும்பியபோது வெயில் இறங்கவில்லை. கித்தேரி ஊசியில் நூல் கோத்து, மெழுகில் இழுத்து, காடாக் கோட்டின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பை வாயை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்து ஊசியைக் கொண்டுபோனபோது துணி உள்ளேயிருந்து லேசாகப் புடைத்தது. அந்தப் பக்கம் யாரோ கை விட்டிருந்தார்கள். அவள் ஊசியைக் கோட்டின் நெஞ்சில் குத்தி வைத்துவிட்டுத் தன் கையை உள்ளே விட்டாள். விரல்கள் முட்டின. அந்தக் கை திடுக்கிடவில்லை. அது அவள் விரல்களைத் தேடிப் பிடித்தது, நெடுநாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரர்கள் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்து, இரண்டு தடவை ஆட்டி, விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. உருண்டைக் கையெழுத்து.

அன்புள்ள மதினிக்கு, எமில்டா எழுதுவது. இன்று உங்கள் கையைப் பிடித்தேன், உங்கள் கைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஊசி குத்திய விரல். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கடிதம் எழுதினால் வருத்தப்படுவாள் என்று உங்கள் தம்பி சொல்லியிருந்ததால் இத்தனை நாள் எழுதவில்லை. இன்று மனம் கேட்கவில்லை, யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தாயில்லாத தன்னை வளர்க்கவேண்டுமென்று அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று அவர் சொல்லும்போது எனக்கு அழுகை வரும். ஊர்ச்சனம் உங்களிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் மருந்துக்கடையில் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் தேடிப்பிடித்து வைக்கிறேன். கோட்டின் கடைசிப் பித்தானை நான்தான் தைத்தேன், தப்பாக இருந்தால் சிரிக்கவேண்டாம். மாசியில் பிள்ளை பிறக்கும். பெண்ணாக இருந்தால் மதினி பெயரை வைக்கலாம் என்று நான் சொன்னேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கித்தேரி அதை இரண்டு தடவை படித்தாள். ஊசியை எடுத்து ஊசிப்பெட்டியில் போட்டாள்.

அடுத்த மூன்று நாளும் அவள் பழுப்புநிற வெட்டுத்தாளில் பென்சிலால் பதில் எழுதினாள். முதல் நாள் எழுதியது நான்கு பக்கம் வந்தது, மடித்தால் பை கொள்ளும், ஆனால் அதில் பாதிக்குமேல் இசிதோருக்கு எழுதியதாக இருந்தது, கிழித்தாள். இரண்டாம் நாள் எழுதியதில் ஊரில் பன்னிரண்டு வீட்டுப் பெயரும் இருந்தன, சாமியின் பெயரும் இருந்தது, அதையும் கிழித்தாள். எதை எழுதினாலும் அந்தப் பெண் அதைப் படித்த நிமிடமே பையைக் கத்தரித்து எறிந்துவிடக்கூடும் என்பது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் வந்து நின்றது. எழுதாமல் விட்டால் இனிச் சாகும்வரை தான் ஒருவனுக்கு அக்கா என்பதும் வந்து நின்றது. இதற்கிடையே புதன்கிழமை வந்தது, வரிசை நின்றது, அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது, யாரும் சிரிக்கவில்லை, முறுக்கு விற்கிறவள்கூடக் குரல் கொடுக்கவில்லை, கித்தேரி வழக்கம்போலக் கைவிட்டு எடுத்து வழக்கம்போலப் பெயர் வாசித்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்ட ஒவ்வொருவரும் ஊசியைத் தேடுவதுபோலப் பையின் வாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மிராந்தா, ரூபுஸ், கோயில்பிள்ளை, இன்னும் ஏழெட்டுப்பேர் வந்தார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் திருவிழாவில் புனித சந்தியாகப்பரின் சுரூபத்துக்குப் பிடிக்கிற பட்டுக்குடையைக் கொண்டுவந்திருந்தார்கள்.

"மக்கா, பேரவையில பேசியாச்சு" என்றார் மிராந்தா. "கோட்டு இனிமே பங்கு ஆபீசுல இருக்கட்டும். உனக்கும் கண்ணு முன்னால கிடக்க வேண்டாம் பாரு."

"எங் கண்ணைப் பத்தி இப்பதான் நெனப்பு வந்துதா மாமா?"

"ஏ பிள்ள, அப்பிடிப் பேசாத. உனக்கு யாரு கெடுதல் நெனச்சா? அவன் செஞ்சதுக்கு ஊரு என்ன பண்ணும்?"

"ஊரு காயிதம் குடுத்துதே. சாமியும் கையெழுத்துப் போட்டாவளா?"

"சாமி போடாம சீல் விழுமா? அவன் நாலு காயிதம் போட்டான் மக்கா. குடுக்கலைன்னா பையை அறுத்துப் போட்டுருவேன்னு எழுதுனான். நீயே சொல்லு. ஒரு கல்யாணம் பெருசா, ஊரு பெருசா?"

அவள் பலகையில் கிடந்த துணித்துண்டுகளை ஒதுக்கினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி உள்ளே போகிற எதுவும் ஆபீசில் பிரித்துப் பார்த்துத்தான் போகும், அது பேரவை முடிவு என்றார். எல்லோருக்கும்தான், உனக்காகப் போட்டதில்லை என்றும் சொன்னார்.

அன்று விடியற்காலையில் அவள் மூன்றாம் தடவையாக எழுதியது இரண்டே வரி. நான் உன் மதினி இல்லை, முதல் ஓலை எனக்கும் அவருக்கும் இங்கே வாசித்தது. அமலியின் பிள்ளைக்கு வருகிற மாத்திரையை மட்டும் நிறுத்தாதே. கீழே தன் முழுப்பெயரை எழுதி, தபால் தலை அளவுக்கு மடித்து, பலகையில் கத்தரிக்கோலின் கீழே வைத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

மரத்தாங்கியோடு தூக்கினார்கள். கனமில்லாததுதான், ஆனாலும் நான்குபேர் பிடித்தார்கள், கோயில்பிள்ளை குடையை விரித்தார், தெருவில் நின்ற பெண்கள் வழிவிட்டுத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்கள், ஒருத்தி பழக்கத்தில் சிலுவை போட்டாள். அமலி மகளின் கையைப் பிடித்தபடி எதிர்ச்சுவரை ஒட்டி நின்றாள். வாசற்படியில் இறக்கும்போது தாங்கி ஒரு பக்கம் சாய்ந்து, கோட்டின் இடது கை ஈரமண்ணில் இழுபட்டது.

"கொஞ்சம் நில்லுங்க" என்று கித்தேரி பலகைப் பக்கம் போய் வந்தாள். தூக்கியவர்கள் நின்றார்கள். தையல்காரி தன் வேலையைப் பார்க்கிறாள் என்பதால் மிராந்தா பேச்சை நிறுத்தாமல் ரூபுசிடம் ஆபீசில் எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் படியில் குனிந்து, மண் ஒட்டிய கையைத் தட்டி, முழங்கைவரை மடித்து, ஒரு குண்டூசி குத்தினாள். பிறகு கோட்டின் முன்பக்கத்தை ஒதுக்கி, மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டு, எடுத்தாள். போனபோது அவள் உள்ளங்கையில் மடித்த தாள் இருந்தது, வந்தபோது இல்லை.

"ஏல, குடையை நேராப் புடி" என்றார் யாரோ.

அவள் கோட்டின் முன்பக்கத்தைச் சேர்த்து, மழை உள்ளே படாமலிருக்க, ஒரு குண்டூசி குத்தினாள்.